சார்லஸ் பிராட்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டக் கூட்டங்களில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சார்லஸ் பிராட்லாவின் பெயர் வரும், வந்தவுடன், "கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்க மறுத்தவர்தானே?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த ஒவ்வொரு முறையும் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருப்பதால், நான் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இப்பக்கம் முழுவதும் 'பிரமாணம்' என்பது கடவுளின் பெயரைச் சொல்லி எடுப்பதையும், 'உறுதிமொழி' என்பது கடவுளின் பெயர் இல்லாமல் கூறுவதையும் குறிக்கும். கதையே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

சார்லஸ் பிராட்லா யார்? எந்தக் காலத்து மனிதர்?

1833 செப்டம்பர் 26 அன்று கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில், ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தரின் மகனாகப் பிறந்தவர். பேச்சாளர், பத்திரிகையாசிரியர், 1866-இல் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விக்டோரியா ராணியின் காலத்தில், தம்மை நாத்திகர் என்று மேடையில் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே வாக்குக் கேட்டு வென்றவர். 1891 ஜனவரி 30 அன்று தமது 57-ஆம் வயதில் காலமானார்.

பள்ளிப் படிப்பே இல்லாதவர் என்கிறார்கள். பிறகு சட்டமெல்லாம் எப்படித் தெரிந்தது?

பதினோராவது வயதில் பள்ளியை விட்டு, தந்தை வேலை பார்த்த அலுவலகத்திலேயே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அதன்பின் ஒரு நிலக்கரி வணிகரிடம் கணக்கு எழுதினார். மாதாகோயிலின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்த அவரை, ஆயர் வருகைக்கு முன் சமயப் பாடங்களை நன்கு படித்துவரும்படி பாதிரியார் பணித்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு நற்செய்தி நூல்களையும் அவர் உண்மையிலேயே கவனமாகப் படித்துவிட்டு, அவற்றுக்கிடையே முரண்பாடுகள் தெரிகின்றன, விளக்கம் வேண்டும் என்று பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். விளக்கம் வரவில்லை, ஆசிரியர் பொறுப்பு பறிபோனது, வேலை போனது, வீடும் போனது. அப்போது அவர் பதின்ம வயதுப் பையன். பத்திரிகைச் சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற ரிச்சர்ட் கார்லைலின் துணைவி எலிசா ஷார்ப்பிள்ஸ்தான் அவருக்குத் தங்க இடம் கொடுத்தார்.

1850-இல் பட்டாளத்தில் சேர்ந்து அயர்லாந்தில் இருந்தார். 1853-இல் ஒரு மூதாட்டி உறவினர் விட்டுச்சென்ற பணத்தில் விடுவிப்புத் தொகையைக் கட்டி வெளியே வந்து, லண்டனில் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். சட்டம் அங்கே கற்றதுதான். பிற்காலத்தில் நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்களுக்கு எதிராகத் தம் வழக்குகளைத் தாமே நடத்தியவர், பட்டம் எதுவும் பெறாதவர்.

அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து ஒரு வழக்கில் தண்டனை பெற்றவர் இவர்தானா?

ஆம். குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளை விளக்கி அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் எழுதிய சிறுநூலை இருவரும் 1877-இல் மறுபதிப்புச் செய்தனர். ஆபாச நூல் வெளியிட்ட குற்றத்துக்காக இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. எந்தச் சொற்கள் ஆபாசம் என்று குற்றப்பத்திரிகையில் குறிப்பிடவில்லை என்ற காரணத்தால் 1878-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. ஆனால் அந்த வழக்கின் தொடர்ச்சியாகப் பெசன்ட் தம் சிறு மகளை வளர்க்கும் உரிமையை இழந்தார். பிராட்லாமீது 'ஒழுக்கக்கேடர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. நாடாளுமன்றத்தில் அவரை எதிர்த்தவர்கள் நாத்திகத்தோடு இதையும் சேர்த்தே பேசினார்கள்.

சென்னை அடையாறுடன் நாம் இணைத்துப் பார்க்கும் பெசன்ட், பிரம்மஞான சபையில் சேர்ந்தது 1889-இல். பிராட்லாவுக்கு அந்த மாற்றம் ஏற்புடையதாக இல்லை. அவர் இறந்த பிறகு, 1893-இல்தான் பெசன்ட் இந்தியாவுக்கு வந்தார்.

நார்தாம்ப்டன் மக்கள் ஏன் ஒரு நாத்திகரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்கள் எல்லாரும் நாத்திகர்களா?

இல்லை. நார்தாம்ப்டன் காலணி செய்யும் தொழிலாளர்களின் ஊர். அதிகாரத்துக்கு அடங்காத தீவிர அரசியல் மரபு அந்தத் தொழிலாளர்களிடையே நெடுங்காலமாக இருந்தது. வாக்களித்தவர்களுள் தேவாலயத்துக்குத் தவறாமல் போனவர்களும் உண்டு. வாக்குரிமை விரிவாக்கம், நிலச் சீர்திருத்தம், அரசுச் செலவைக் குறைத்தல் ஆகியவற்றுக்காகவே அவரை விரும்பினார்கள். அதுவும் உடனே நடந்துவிடவில்லை: 1868-இல் ஒரு முறையும் 1874-இல் இரு முறையும் தோற்ற பிறகே 1880 ஏப்ரலில் வென்றார்.

அது இரு உறுப்பினர் தொகுதி. ஹென்றி லபூஷேர் 4,158 வாக்குகளும் பிராட்லா 3,827 வாக்குகளும் பெற்றனர். லபூஷேருக்கும் மத நம்பிக்கை கிடையாது என்பதை அவரை அறிந்தவர்கள் அனைவரும் அறிவார்கள். அவர் எந்தத் தடையுமின்றிப் பிரமாணம் எடுத்து இருக்கையில் அமர்ந்தார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த விடையைப் படிக்க வேண்டுகிறேன்.

கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொன்னதால்தானே வெளியே அனுப்பினார்கள்?

நான் அதிகமாகக் கேட்டதும், பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். பிராட்லா பிரமாணம் எடுக்க ஒருபோதும் மறுக்கவில்லை. 1880 மே 3 அன்று, பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறச் சட்டப்படி எனக்கு உரிமை உண்டு என்று கோரி, சபையின் தலைமை எழுத்தர் எர்ஸ்கின் மேயிடம் ஒரு தாளைக் கொடுத்தார். குவேக்கர் சமயப் பிரிவினர் 1833 முதலே உறுதிமொழி கூறி வந்தார்கள். 1869, 1870 ஆண்டுகளின் சாட்சியச் சட்டங்கள் நாத்திகர்களுக்கும் நீதிமன்றத்தில் அந்த உரிமையைத் தந்திருந்தன. அதையும் 1866-ஆம் ஆண்டின் நாடாளுமன்றப் பிரமாணச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் தமக்கும் வழி உண்டு என்பது அவர் வாதம். இதை ஆராய்ந்த தெரிவுக்குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, தலைவர் தம் வாக்கால் கோரிக்கையைத் தள்ளினார்.

"அப்படியானால் சட்டம் கேட்கும் பிரமாணத்தையே எடுக்கிறேன்" என்று மே 21 அன்று அவர் மேசைக்கு வந்தார். அப்போது பழமைவாதக் கட்சியின் ஹென்றி டிரம்மண்ட் வுல்ஃப் எழுந்து, நாத்திகரின் வாயில் பிரமாணத்துக்குப் பொருளில்லை, எனவே எடுக்க விடக்கூடாது என்றார். ஜூன் 22 அன்று 275-க்கு 230 என்ற வாக்குக் கணக்கில், அவர் பிரமாணமும் எடுக்கக்கூடாது, உறுதிமொழியும் கூறக்கூடாது என்று சபை முடிவு செய்தது. இரண்டில் ஒன்றைச் செய்யாதவர் அமர முடியாது. இரண்டில் எதையுமே செய்ய அவருக்கு அனுமதியில்லை. ஒரு தொகுதி தேர்ந்தெடுத்தவரை, சட்டத்தில் எங்குமே இல்லாத ஒரு தகுதியைச் சொல்லிச் சபையின் பெரும்பான்மை தடுத்தது என்பதே இங்கு நடந்தது.

பிக் பென் மணிக்கூண்டில் அவரை அடைத்து வைத்தது உண்மையா?

உண்மை. அந்தத் தீர்மானத்துக்கு மறுநாள், ஜூன் 23 அன்று, சபையில் பேசிவிட்டு வெளியேற மறுத்தார். சபையின் உத்தரவுப்படி மணிக்கூண்டில் இருந்த அறையில் காவலில் வைக்கப்பட்டார். அவரைத் தியாகி ஆக்குகிறோம் என்று எதிர்த்தரப்பே உணர்ந்து மறுநாள் விடுவித்தது. அந்தக் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்ட கடைசி மனிதர் அவர்தான்.

இதைவிடக் கொடியது 1881 ஆகஸ்ட் 3 அன்று நடந்தது. அவைக்குள் நுழைய முயன்ற அவரைச் சபை ஊழியர்களும் காவலர்களும் சேர்ந்து படிக்கட்டு வழியாக இழுத்து வெளியே தள்ளினார்கள். மேலங்கி கிழிந்தது, கையில் தசை அறுந்தது. வெளியே முற்றத்தில் அவருடைய ஆதரவாளர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் கலவரம் மூண்டிருக்கும். சொல்லவில்லை. வன்முறை வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார், அடிபட்ட பிறகும் அதில் உறுதியாக நின்றார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் நாள் இது.

நாத்திகர் கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்க முன்வந்தது பொய் இல்லையா?

நேர்மையான கேள்வி, அந்தக் காலத்தில் அவருடைய நண்பர்கள் சிலரும் இதைக் கேட்டார்கள். 1880 மே மாதம் பிராட்லா ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பிரமாணத்தின் சில சொற்கள் எனக்குப் பொருளற்ற ஒலிகள். ஆயினும் அது கோரும் கடமைக்கு, உறுதிமொழி கூறியிருந்தால் எவ்வளவு கட்டுப்படுவேனோ அவ்வளவுக்குக் கட்டுப்படுவேன் என்பதே அதன் சாரம். வுல்ஃபும் அவர் நண்பர்களும் பிடித்துக்கொண்டது இந்தக் கடிதத்தைத்தான்.

அரசியல் கணக்கில் பார்த்தால் அந்தக் கடிதம் தவறான நேரத்தில் எழுதப்பட்டது. ஆனால் பொய் சொல்ல நினைப்பவர் அப்படியொரு கடிதம் எழுதமாட்டார். லபூஷேரைப் போல வாய்மூடி இருந்திருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். நம்பிக்கையில்லாமல் அமைதியாகப் பிரமாணம் எடுத்தவர்களை ஏற்றுக்கொண்ட சபை, அதை வெளியே சொன்னவரை மட்டும் தண்டித்தது என்பதால், தண்டனை வெளிப்படைக்கே விழுந்தது என்று கருதுகிறேன்.

முடியாட்சியை எதிர்த்தவர் ராணிக்கு விசுவாசம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர் குடியரசுவாதி என்பது உண்மை; அரச குடும்பத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். ஆனால் ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்ற பிரமாணத்தின் வாசகத்தில் 'சட்டப்படி' என்ற சொல் இருக்கிறது. அரியணையின் வாரிசுரிமையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. சட்டம் இருக்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டு, சட்டத்தைச் சட்டத்தாலேயே மாற்ற முயல்வேன் என்பது அவர் நிலைப்பாடு.

மொத்தம் எத்தனை முறை தேர்தலில் நின்றார்? மக்களுக்குச் சலிக்கவில்லையா?

1880 ஜூலையில், வழக்கு வந்தால் விளைவு அவரைச் சேர்ந்தது என்ற நிபந்தனையுடன் உறுதிமொழி கூறச் சபை அனுமதித்தது. அவர் அமர்ந்தார், பேசினார், வாக்களித்தார். உடனே ஒரு தனியார் வழக்குத் தொடுத்தார்; பின்னணியில் இருந்தவர் நியூடிகேட் என்ற பழமைவாத உறுப்பினர். பிரமாணமின்றி வாக்களித்த ஒவ்வொரு முறைக்கும் 500 பவுண்டு அபராதம் என்பது சட்டம். 1881 மார்ச்சில் தீர்ப்பு பாதகமாக வந்து இருக்கை காலியானது. ஏப்ரல் இடைத்தேர்தலில் 132 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

1882 பிப்ரவரி 21 அன்று, யாரும் எதிர்பாராத வேளையில் மேசையருகே நடந்து சென்று, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தமக்குத் தாமே பிரமாணம் செய்து கையொப்பமிட்டார். மறுநாள் சபை அவரைப் பதவி நீக்கியது. மார்ச் இடைத்தேர்தலில் 108 வாக்கு வித்தியாசம். 1884 பிப்ரவரியில் மீண்டும் அதே போலச் செய்தார், மீண்டும் இடைத்தேர்தல். இம்முறை வித்தியாசம் 368. ஆக, 1880-க்கும் 1885-க்கும் இடையில் இரு பொதுத்தேர்தல், மூன்று இடைத்தேர்தல் என ஐந்து முறையும் நார்தாம்ப்டன் அவரையே அனுப்பியது. சலிப்பைவிட, எங்கள் பிரதிநிதியைத் தீர்மானிக்க நீங்கள் யார் என்ற சீற்றமே அந்த ஊரில் மிகுந்திருந்தது.

பிரதமர் கிளாட்ஸ்டன் ஆதரவாக இருந்தாராமே? ஆளுங்கட்சி நினைத்தும் ஏன் முடியவில்லை?

கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறிஸ்தவர். பிராட்லாவின் கருத்துகள் அவருக்குக் கசப்பானவை. அப்படியிருந்தும் 1883-இல் உறுப்பினர் எவரும் விரும்பினால் உறுதிமொழி கூறலாம் என்ற மசோதாவை அவருடைய அரசு கொண்டுவந்தது. ஏப்ரல் 26 அன்று அவர் ஆற்றிய உரை அவருடைய சிறந்த உரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. கிறிஸ்துவை ஏற்காத யூதரை 1858-இல் உள்ளே விட்டுவிட்டு, ஏதோ ஒரு கடவுள் என்ற மெல்லிய கோட்டில் மட்டும் நின்றுகொண்டு சமயத்தைக் காப்பதாகச் சொல்வது சமயத்துக்கே இழுக்கு என்று அவர் வாதிட்டார். மசோதா 292-க்கு 289 என்று மூன்று வாக்குகளில் தோற்றது.

தோற்கடித்தவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். ஆளும் லிபரல்களிலேயே சிலர் மனச்சான்றின் பெயரால் விலகினார்கள். அயர்லாந்துக் கத்தோலிக்க உறுப்பினர்களுள் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தலைவரான கர்தினால் மேனிங்கும் கடுமையாக எதிர்த்தார். அயர்லாந்துக் குடியானவர்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்டதைப் பட்டாளத்துக் காலத்தில் நேரில் கண்ட பிராட்லா, 1881-இல் அயர்லாந்துமீது கொண்டுவரப்பட்ட அடக்குமுறைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்பதை நினைக்கும்போது இது வருத்தம் தருகிறது.

சபை அநியாயம் செய்தால் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே?

போனார். 1884-இல், சபைக் காவல் அதிகாரி காஸெட்டுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், சபை தன் நான்கு சுவர்களுக்குள் தன் நடைமுறையை எப்படி நடத்துகிறது என்பதில் நீதிமன்றம் தலையிடாது, சட்டத்தைத் தவறாகவே புரிந்துகொண்டிருந்தாலும் தலையிடாது என்று தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய பாடங்களில் இன்றும் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

எல்லா வழக்கிலும் அவர் தோற்கவில்லை. மேலே சொன்ன அபராத வழக்கு 1883-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை சென்றபோது, அத்தகைய அபராதத்தைக் கோரும் உரிமை அரசுக்கே உண்டு, தனியாருக்கு இல்லை என்று அவர் பக்கம் தீர்ப்பானது. பிறருடைய வழக்குக்குப் பின்னிருந்து பணம் கொடுத்துத் தூண்டியதற்காக நியூடிகேட்மீது வழக்குத் தொடுத்து அதிலும் வென்றார். ஆனால் வழக்குச் செலவுகள் அவரைத் தீராத கடனில் தள்ளின.

கடைசியில் எப்படித்தான் உள்ளே போனார்?

1885 பொதுத்தேர்தலுக்குப் பின் 1886 ஜனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியது. 1884-இல் பொறுப்பேற்றிருந்த சபாநாயகர் ஆர்தர் பீல், முந்தைய நாடாளுமன்றத்தின் தீர்மானங்கள் இந்த நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தா. சட்டப்படி பிரமாணம் எடுக்க வரும் உறுப்பினரைத் தடுக்க எனக்கோ பிறருக்கோ உரிமையில்லை என்று கூறி, ஆட்சேபங்களைக் கேட்கவே மறுத்தார். ஜனவரி 13 அன்று பிராட்லா பிரமாணம் எடுத்து அமர்ந்தார். சில நிமிட வேலை. இதை 1880-இலேயே அப்போதைய சபாநாயகர் பிராண்ட் செய்திருக்க முடியும்.

உள்ளே போன பிறகு உருப்படியாக என்ன செய்தார்?

முதலாவதாக 1888-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம். தனி உறுப்பினராக அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய இச்சட்டத்தால், நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமை எல்லாருக்கும் வந்தது. தொழிலாளருக்குக் கூலியைப் பொருளாகக் கொடுக்காமல் பணமாகவே கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை 1887-இல் விரிவுபடுத்தியதிலும், பரம்பரை ஓய்வூதியங்கள் என்ற பெயரில் பிரபுக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சென்ற அரசுப் பணத்தைக் கேள்விக்கு உட்படுத்தியதிலும் அவர் பங்கு பெரியது. தெய்வநிந்தனைச் சட்டங்களை நீக்க 1889-இல் அவர் கொண்டுவந்த மசோதா தோற்றது. இங்கிலாந்தில் அக்குற்றம் நீங்கியது 2008-இல்.

அக்காலத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை, 1911-இல்தான் வந்தது. எனவே பகலில் குழுக்கூட்டம், இரவில் சபை, வார இறுதியில் ஊர் ஊராகக் கட்டணச் சொற்பொழிவு என்று உழைத்தே அவர் உடல் கெட்டது.

அவர் சோஷலிஸ்டா?

இல்லை. தனிமனித உரிமையை முன்வைத்த லிபரல் தீவிரச் சீர்திருத்தவாதி. 1884-இல் சோஷலிஸ்ட் தலைவர் ஹைண்ட்மனுடன் லண்டனில் மேடை விவாதம் நடத்தி எதிர்த்தார். பெசன்ட் சோஷலிசத்தின் பக்கம் போனதே அவர்களுடைய பத்திரிகைக் கூட்டு முறிந்ததற்குக் காரணம்.

'இந்தியாவின் உறுப்பினர்' என்று இவரை ஏன் சொன்னார்கள்?

இந்தியர்களுக்கு அந்தச் சபையில் வாக்கு இல்லாத காலத்தில், இந்திய நிர்வாகம் பற்றி ஓயாமல் கேள்வி எழுப்பியதால். கடும் நோயிலிருந்து எழுந்தவர் 1889 டிசம்பரில் பம்பாய்க்கு வந்து காங்கிரஸ் மாநாட்டில் பேசினார். சட்டசபைகளில் இந்தியர்களுக்குத் தேர்தல்வழி இடம் கோரிய காங்கிரஸின் திட்டத்தை 1890-இல் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை, அரசு தன் மசோதாவை முன்வைத்து, அவர் இறந்த பிறகு 1892-இல் இந்திய கவுன்சில்கள் சட்டமாக நிறைவேற்றியது. லாகூரில் ஒரு மண்டபத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. சென்னையிலும் 1880-களில் இயங்கிய இலௌகிக சங்கம், 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்தியபோது, பிராட்லாவின் இயக்கத்தையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தது.

நம் ஊரில் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று பதவியேற்கிறார்களே, அது இவர் வாங்கித் தந்த உரிமையா?

நேரடியாக அப்படிச் சொல்வது சரியாகாது. இந்துக்களும் முஸ்லிம்களும் நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறலாம் என்று கம்பெனி ஆட்சியே 1840-இல் சட்டம் செய்தது. 1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டம், பிரமாணத்தில் ஆட்சேபம் உள்ள எவருக்கும் அதை விரிவாக்கியது. அதாவது பிராட்லா மணிக்கூண்டில் அடைபட்ட நாளில், இந்திய நீதிமன்றத்தின் விதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் விதியைவிடத் தாராளமாக இருந்தது. நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, கடவுளின் பெயரால் என்றும் உளமார என்றும் இரு வழிகளையும் தருகிறது. 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. சட்டமன்றத்துக்குள் நுழைபவரின் நம்பிக்கையைச் சோதிக்கக்கூடாது என்ற கொள்கைக்காக மிகக் கடுமையான விலை கொடுத்தவர் என்ற வகையில் பிராட்லாவை நாம் நினைக்கலாம்.

அவரைத் தடுத்த அந்த 1880 தீர்மானம் இன்னும் அவைக்குறிப்பில் இருக்கிறதா?

அதை நீக்க வேண்டும் என்று பிராட்லாவே விரும்பி, தீர்மானத்துக்கு அறிவிப்பும் கொடுத்திருந்தார். 1891 ஜனவரி 27 அன்று அது விவாதத்துக்கு வந்தபோது அவர் மரணப் படுக்கையில் இருந்ததால், அபர்டீன் உறுப்பினர் வில்லியம் ஹண்டர் அவருக்காக முன்மொழிந்தார். முன்பு அவரை எதிர்த்த கட்சியே அப்போது ஆட்சியில் இருந்தது. வாக்கெடுப்பு இல்லாமலே, 1880 ஜூன் 22-ஆம் நாள் தீர்மானம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. மூன்று நாளில் இறந்தார். புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில், அவர் விரும்பியபடி சமயச் சடங்கோ உரையோ இன்றி அடக்கம் நடந்தது. வந்திருந்தவர்களுள் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். இந்தியர் அனைவரும் பிராட்லாவின் பெயரை அறிந்திருந்தனர் என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.